தெரிவுகள் பெருகினால் தீர்மானம் தாமதிக்கும்



"ஒரு முடிவு எடுக்க உனக்கு இவ்வளவு நேரமா?" இந்தக் கேள்வியைக் கேளாத பெண் எம்மில் யாராவது உண்டா? வீட்டில் கேட்டிருப்போம். பிரதேச செயலகத்தில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது கேட்டிருப்போம். வங்கியில், ஆஸ்பத்திரியில், பாடசாலை வாசலில் கேட்டிருப்போம். யுத்தத்தில் கணவனை, தகப்பனை, மகனை இழந்த பிறகு, முன்பு நான்கு பேர் சேர்ந்து எடுத்த முடிவுகளைத் தனியே எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் நாம். ஆகவே இந்தக் கேள்வி எம்மை இன்னும் கூடுதலாகச் சுடுகின்றது. "எனக்குத்தான் புத்தி போதாதோ" என்று நாமே நினைத்துவிடுகின்றோம்.

புத்தி போதாமை அல்ல. எமக்கு முன்னால் வைக்கப்படும் தெரிவுகளின் எண்ணிக்கைக்கும், அவை வைக்கப்பட்டிருக்கும் ஒழுங்குக்கும், நாம் முடிவெடுக்கும் வேகத்துக்கும் நேரடியான தொடர்பு உண்டு. இது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம். பேசுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் எம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுதான்: வாக்குச்சீட்டு.

முதலில் அந்த அளவீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் எட்மண்ட் ஹிக் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். பத்துச் சிறு மின்குமிழ்கள், அவற்றுக்குப் பத்துச் சாவிகள். எந்த மின்குமிழ் எரிகின்றதோ அதற்குரிய சாவியை அழுத்த வேண்டும். இரண்டு மின்குமிழ்கள் மாத்திரம் இருக்கும்போது விரல் சட்டென்று போகின்றது. எண்ணிக்கை கூடக்கூட விரல் தயங்குகின்றது. அடுத்த ஆண்டு, 1953இல், அமெரிக்காவில் ரே ஹைமன் என்பவரும் இதனை ஆராய்ந்தார். இருவருடைய பெயராலும் இன்று இது ஹிக் - ஹைமன் விதி என்று அழைக்கப்படுகின்றது. கைத்தொலைபேசித் திரை, காசு எடுக்கும் இயந்திரம், விண்ணப்பப் படிவம் ஆகியவற்றை வடிவமைப்பவர்கள் இன்றும் இந்த விதியை நினைவில் வைத்தே வேலை செய்கின்றார்கள்.

விதி சொல்வது என்ன? தெரிவுகள் இரண்டு மடங்கானால் எடுக்கும் நேரம் இரண்டு மடங்காவதில்லை. ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஏறத்தாழ ஒரே அளவான நேரம் கூடுகின்றது. இரண்டு நான்காகும்போது எவ்வளவு கூடுகின்றதோ, அதே அளவுதான் நான்கு எட்டாகும்போதும் கூடும். காரணம், பழகிய விடயத்தில் எமது மனம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில்லை. பாதி பாதியாகக் கழித்துக்கொண்டு போகின்றது. பிள்ளைகள் விளையாடுவார்களே, "நான் நினைத்த எண் பதினாறுக்கு மேலா, கீழா?" என்று. 32 எண்களுக்குள் மறைந்திருக்கும் ஒன்றை ஐந்தே கேள்விகளில் பிடித்துவிடலாம். அந்த மாதிரித்தான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருட்கள் எமக்குப் பழகியவையாக, ஒழுங்கு தெரிந்தவையாக இருந்தால் மாத்திரமே பாதி பாதியாகக் கழிக்க முடியும். ஒழுங்கு தெரியாவிட்டால் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்க்கத்தான் வேண்டும். அப்போது நேரம் எண்ணிக்கையோடு சேர்ந்தே வளரும். நுகேகொடைச் சந்தியில் நின்று பாருங்கள். ஹைலெவல் வீதியால் வரும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கோட்டைக்குப் போக 138 என்று அறிந்தவர், பலகையில் உள்ள ஊர்ப் பெயர்களை வாசிப்பதேயில்லை. இலக்கத்தைக் கண்டதும் ஏறிவிடுவார். வடக்கிலிருந்து முதன்முறை வந்த ஒரு தாயோ, சிங்களத்தில் எழுதிய பலகையை எழுத்துக் கூட்டுவதற்கிடையில் பஸ் போய்விடும். இருவருக்கும் கண் ஒன்றுதான், புத்தியும் ஒன்றுதான். ஒருவருக்குத் தெரிவு ஒன்று. மற்றவருக்குத் தெரிவு இருபது.

இனி வாக்குச்சீட்டுக்கு வருவோம்.

இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டு, டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்கள் சாட்சியம் அளித்தார்கள். ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை என்று சிபாரிசு செய்தது. பின்னர் ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயது என்றாகி, 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து மக்களுக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. 1932இல் கொழும்பு வடக்குத் தொகுதி இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றவர் நேசம் சரவணமுத்து அம்மையார். அச்சபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர்.

அந்தக் காலத்தில் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். அவர்கள் எப்படி வாக்களித்தார்கள்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுக்கப்பட்டது; அந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். பின்னர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து சின்னங்கள் வந்தன. நிறமும் சின்னமும் வெறும் அலங்காரம் அல்ல. வாசிக்க வேண்டிய வேலையைக் கண்டுபிடிக்கும் வேலையாக மாற்றியவை அவைதான். எழுத்துத் தெரியாத பாட்டியும் வரிசையில் நின்று, உள்ளே போய், தடுமாறாமல் திரும்பி வந்தார் என்றால், அதில் அவருடைய உறுதிக்குப் பாதிப் பங்கு, அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குப் பாதிப் பங்கு.

இன்றைய நிலை என்ன? 1982இல் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது போட்டியிட்டவர்கள் 6 பேர். 1988இல் 3 பேர். 2005இல் 13 பேர். 2010இல் 22 பேர். 2019இல் 35 பேர். 2024 செப்ரெம்பர் 21இல் நடந்த தேர்தலுக்கு 39 பேரின் வேட்புமனுக்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அவர்களுள் ஒருவர் தேர்தலுக்கு முன்பே காலமாகிவிட்டார். ஆயினும் சீட்டில் பெயர் இருந்தது. சீட்டின் நீளம் இரண்டடிக்கும் மேல். பெயர்கள் மூன்று மொழிகளிலும் அச்சிடப்பட்டாலும் அவை அடுக்கப்படுவது சிங்கள அகரவரிசைப்படி. தமிழில் மாத்திரம் வாசிக்கும் ஒருவருக்கு அந்த ஒழுங்கு முழுமையான உதவி செய்யாது. அவருக்குத் துணை சின்னம்தான்.

இவ்வளவு நீளச் சீட்டில் மக்கள் தடுமாறியிருப்பார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். ஆனால் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. 2019இல் 35 பெயர்கள் இருந்தும், அளிக்கப்பட்ட வாக்குகளில் நிராகரிக்கப்பட்டவை 135,452 மாத்திரமே. நூற்றுக்கு ஒன்று அளவுதான். 2024 ஜனாதிபதித் தேர்தலில் நான்கு பெயர்கள்தான் கூடின; நிராகரிக்கப்பட்ட வாக்குகளோ 300,300. நூற்றுக்கு இரண்டுக்கும் சற்று மேல். அதே ஆண்டு நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் 667,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அது நூற்றுக்கு ஐந்தரைக்கும் மேல். 2020 பாராளுமன்றத் தேர்தலில் இது நூற்றுக்கு ஆறாக இருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? காரணங்கள் பல இருக்கலாம். வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்கித் தம் கோபத்தைக் காட்டுபவர்களும் உண்டு. அவர்களை நாம் இங்கே கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் ஒரு காரணம் எமது விடயத்தோடு பொருந்துகின்றது. 2019இல் சீட்டில் 35 பெயர்கள் இருந்தாலும், பெரும்பாலானோரின் மனதில் இருந்தது இரண்டு பெயர்கள்தான். யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் போனார்கள். மற்ற 33 பெயர்களும் அவர்களுக்குப் பலகையில் உள்ள ஊர்ப் பெயர்களைப் போல. 2024இல் மூன்று பேர் பலத்த போட்டியில் இருந்தார்கள். அத்தோடு இரண்டாம், மூன்றாம் விருப்பு பற்றிய பேச்சும் பெரிதாக எழுந்தது. அந்தத் தேர்தலில்தான் எமது வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. 1 இடுவதா, புள்ளடி இடுவதா, 2, 3 இடலாமா என்ற கேள்விகள் பலரோடு வாக்களிப்பு நிலையத்துக்குள்ளேயே போயின.

பாராளுமன்றத் தேர்தலில் சிக்கல் இன்னும் கூடுகின்றது. 2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 6 ஆசனங்களுக்கு 44 கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் போட்டியிட்டன. ஒவ்வொன்றிலும் ஒன்பது பேர் வீதம் 396 வேட்பாளர்கள். முதலில் 44 சின்னங்களில் ஒன்றைக் கண்டுபிடித்துப் புள்ளடி இட வேண்டும். பிறகு அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் விரும்பினால் மூன்று பேர் வரை, அவர்களுடைய இலக்கத்தின் மேல் புள்ளடி இட வேண்டும். அந்த மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,767. அளிக்கப்பட்ட வாக்குகளில் நூற்றுக்கு ஒன்பது. நூறு பேர் வரிசையில் நின்றால், அவர்களில் ஒன்பது பேரின் சொல் பெட்டிக்குள் போயும் கேட்கப்படவில்லை என்று பொருள். கோபத்தால் பழுதாக்கியவர்களைக் கழித்துப் பார்த்தாலும், தெரியாமல் இழந்தவர்களும் அதில் இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முகாமிலிருந்து முகாமுக்கு மாறி, பாடசாலையை இடையில் விட்ட தலைமுறையல்லவா எம்முடையது?

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். எம்மைத் தாமதிக்கச் செய்வது தாளில் உள்ள எண்ணிக்கை மாத்திரமல்ல; மனதில் இன்னும் முடிவாகாமல் இருக்கும் எண்ணிக்கையே பெரியது. தாளை நாம் சுருக்க முடியாது. மனதில் உள்ளதை முன்கூட்டியே சுருக்கலாம்.

எப்படி? வாக்களிக்கப் போகுமுன் மூன்று விடயங்களை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, யாருக்கு என்பது. அது உங்கள் முடிவு. கணவனோ, கிராமத்துப் பெரியவரோ, சங்கத் தலைவியோ எடுக்க வேண்டியதல்ல. இரண்டாவது, சின்னம். பெயரை அல்ல, சின்னத்தின் உருவத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரித் தோன்றும் சின்னங்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, அடையாளம். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மாத்திரம் என்றால் 1 என்று இடுவது நல்லது. புள்ளடி மாத்திரம் இட்டாலும் ஏற்றுக்கொள்ளப்படும். இரண்டாம், மூன்றாம் விருப்பும் தெரிவிப்பதென்றால் 1, 2, 3 என்று இலக்கங்களையே இடுங்கள். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்க வேண்டாம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி கட்டாயம். அது இல்லாமல் விருப்பு இலக்கத்துக்கு மாத்திரம் புள்ளடி இட்டுப் பயனில்லை.

யுத்தத்தில் கண்பார்வையை அல்லது கையை இழந்த சகோதரிகள் தங்களுக்கு உதவியாக ஒருவரைக் கூட்டிச் செல்ல 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடமளிக்கின்றது. அதற்குரிய சான்றிதழைப் பற்றி கிராம அலுவலரிடம் தேர்தலுக்கு முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம்.

வாக்களிப்பு நிலையத்தில் பின்னால் வரிசை நிற்கின்றதே என்று பதற வேண்டாம். சீட்டை முழுவதும் விரித்து, சின்னத்தைக் கண்டு, விரலை வைத்து, பிறகு அடையாளமிடுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முடிவு. அதற்கு அரை நிமிடம் கூடுதலாக எடுத்தால் எவருக்கும் நட்டமில்லை.

இதே பாடம் இன்னோர் இடத்தில் உயிரையே காக்கும். ஆபத்து வேளையில் யாரை அழைப்பது? பொலிஸுக்கு 119. சுவசெரிய இலவச அம்புலன்ஸுக்கு 1990. பெண்கள் உதவிக்கு 1938. சிறுவர் பாதுகாப்புக்கு 1929. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. மனநல உதவிக்கு 1926. எல்லாம் நல்ல சேவைகள்தான். ஆனால் குடித்துவிட்டு வந்தவன் கதவை உடைக்கும் நேரத்தில் ஆறு இலக்கங்களில் எது என்று யோசிக்க எந்தப் பெண்ணாலும் முடியாது. பயம் வந்தால் விரல் மாத்திரமல்ல, மனமும் நடுங்கும். ஆகவே இன்றைக்கே, மனம் அமைதியாக இருக்கும் வேளையில், முடிவு செய்யுங்கள். அடிதடி என்றால் 119. காயம், மயக்கம், பிரசவ வலி என்றால் 1990. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆலோசனைக்குரிய 1938 உட்பட மற்ற இலக்கங்களை வேறொரு தாளில் எழுதி வையுங்கள். அவை ஆறுதலாகப் பேச வேண்டிய நேரத்துக்கு உரியவை. எல்லாவற்றையும் ஒரே தாளில் நெருக்கி எழுதினால் இரண்டடி வாக்குச்சீட்டைத்தான் நாமும் வீட்டில் தொங்கவிடுவோம்.

சுயதொழில் செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பனையோலைப் பொருட்களையும் தைத்த துணிகளையும் கொழும்புக்குக் கொண்டுவந்து விற்பவர்கள், இருப்பதையெல்லாம் மேசையில் பரப்பினால் நன்றாக விற்கும் என்று நினைக்கின்றோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வொன்று பெயர்பெற்றது. ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது அதிகம் பேர் நின்று பார்த்தார்கள். ஆனால் நின்றவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் வாங்கினார்கள். 6 வகை மாத்திரம் வைத்தபோது நூற்றுக்கு முப்பது பேர் வாங்கினார்கள்.

உடனே எல்லாவற்றையும் ஆறாகக் குறைத்துவிடாதீர்கள். 2010இல் இப்படியான ஐம்பது பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், எல்லா இடத்திலும் இது அப்படியே நடப்பதில்லை என்று கண்டார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வருபவரை நூறு வகையும் குழப்பாது. தெரியாமல் வருபவருக்குத்தான் குழப்பம். ஆகவே பொருட்களைக் குறைப்பதைவிடப் பிரித்து வையுங்கள். பெட்டிகள் ஒரு பக்கம், கூடைகள் ஒரு பக்கம், பிள்ளைகளுக்கானவை ஒரு பக்கம். வருபவர் முதலில் மூன்றில் ஒன்றைத் தெரிவார். பிறகு அதற்குள் ஐந்தில் ஒன்றைத் தெரிவார். பதினைந்தையும் ஒரே பார்வையில் பார்க்கும் பாரம் அவருக்கு இல்லை.

முடிவாக, படிவங்களையும் சீட்டுகளையும் அறிவித்தல்களையும் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும், எம்மைப்போன்ற நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண் உங்கள் மேசைக்கு முன் தயங்கி நின்றால், அவளைக் கடிந்துகொள்ளுமுன் அவள் கையில் உள்ள தாளைத் திருப்பிப் பாருங்கள். அதில் எத்தனை கேள்விகள், எத்தனை கட்டங்கள், அவளுடைய மொழியில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 1931இல், எழுத்தறியாத பெண்ணுக்காக ஒரு பெட்டிக்கு நிறம் பூச இந்த நாட்டுக்கு முடிந்திருக்கின்றது. இன்று ஒரு படிவத்தைத் தெளிவாக அச்சிட முடியாதா?

சகோதரிகளே, நீங்கள் தயங்கும்போது உங்களையே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம். "இதை எப்படி நிரப்புவது, எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள்" என்று நிமிர்ந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்களை மிகவும் குழப்பிய ஒரு படிவத்தின் பிரதியைக் கொண்டுவாருங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, எங்கே குழப்புகின்றது என்று சிவப்புப் பேனாவால் அடையாளமிட்டு, அதை உரிய காரியாலயத்துக்கே அனுப்பிவைப்போம்.